பழைய 4×4 வண்டியின் முன் சக்கர பேரிங்: வீட்டிலேயே கழற்றி, கிரீஸ் வைத்துப் பூட்டுவது எப்படி?

பழைய ஆஃப் ரோடு வண்டி ஒன்று கைக்கு வந்ததும் பலருக்கும் மனசு போவது பெரிய டயர், உயர்த்திய சஸ்பென்ஷன், முன்னால் ஒரு வின்ச் என்றுதான். நான் முதலில் திறக்கச் சொல்வது முன் சக்கர ஹப்பை, அதாவது பேரிங்கைத் தாங்கும் சக்கரத்தின் நடுப்பகுதியை. உள்ளே கடைசியாக யார் கிரீஸ் வைத்தார்கள், எப்போது வைத்தார்கள் என்பது பெரும்பாலும் வண்டியை விற்றவருக்கே தெரியாது. பெரிய டயர் போட்டால் அந்தப் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கப்போவது அதே பேரிங்தான். முதன்முதலாக ஸ்பேனர் பிடிப்பவர்கூட ஒரு சக்கரத்துக்கு அரை நாள் ஒதுக்கினால் பொறுமையாக முடித்துவிடலாம்.

இங்கே சொல்வது, முன்னால் கெட்டி ஆக்சிலும் கையால் திருப்பும் லாக்கிங் ஹப்பும் (சக்கரத்தை ஆக்சிலோடு கோத்துவிடும் அமைப்பு) உள்ள வண்டிகளுக்கு. லேண்ட் குரூசர் 40, 60 வரிசைகள், பழைய ஹைலக்ஸ், ஜீப் சி.ஜே. எல்லாம் இந்த வகை. கழற்றும் வரிசை வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும். அதனால் உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோளாறு எங்கே என்று முதலில் பாருங்கள்

பின் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி, உடனே அடியில் ஸ்டாண்டு கொடுத்துவிடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்குக் கீழே கை, கால் எதுவும் போகக் கூடாது. தரை மண்ணாக இருந்தால் ஸ்டாண்டுக்குக் கீழே தடிமனான பலகை வேண்டும்.

இப்போது சக்கரத்தின் உச்சியில் ஒரு கை, அடியில் ஒரு கை வைத்து முன்னும் பின்னும் அசையுங்கள். 'டக் டக்' என்று ஆடுகிறதா? அது பேரிங்காகவும் இருக்கலாம், நக்கிளின் (ஸ்டியரிங்கோடு திரும்பும் ஆக்சில் முனை) கிங்பின்னாகவும், அதாவது அந்த முனை திரும்பும் அச்சாகவும் இருக்கலாம். பிரித்தறிய எளிய வழி உண்டு. ஒருவரை உள்ளே உட்கார வைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி அசையுங்கள். ஆட்டம் மறைந்தால் பேரிங். மறையாமல் இருந்தால் கிங்பின். இடப்பக்கமும் வலப்பக்கமும் பிடித்து அசைக்கும்போது மட்டும் ஆடினால் ஸ்டியரிங்கின் டை ராடு (சக்கரங்களைத் திருப்பும் கம்பி) முனைகளைப் பாருங்கள்.

அடுத்து, ஒரு கையை லீஃப் ஸ்பிரிங்கின் மேல் வைத்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுழற்றுங்கள். நல்ல பேரிங் என்றால் கையில் ஒன்றும் தெரியாது. தேய்ந்திருந்தால் மணலை அரைப்பது போன்ற அதிர்வு ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வந்துவிடும். காதை விட விரல் இதில் துல்லியமானது.

தேவையானவை

புதிய ஆயில் சீல், ஹப்பின் கேஸ்கெட், லாக் வாஷர் மூன்றையும் திறப்பதற்கு முன்பே வாங்கி வையுங்கள். ஹப் நட்டுக்கு ஆழமான பெரிய சாக்கெட் வேண்டும். பழைய லேண்ட் குரூசருக்கும் ஹைலக்ஸுக்கும் 54 மில்லிமீட்டர். உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டியே அந்த நட்டைக் கழற்றிப் பூட்டியவர்கள் நிறைய. அப்படித் தட்டித் தட்டி முனை மழுங்கிப்போன நட்டை நானும் பார்த்திருக்கிறேன். சாக்கெட் வாங்கிவிடுங்கள், கடைசியில் வரும் இறுக்கத்தின் அளவு அதில்தான் இருக்கிறது.

இவற்றோடு டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்), சர்கிளிப் (பள்ளத்தில் உட்காரும் வளையக் கிளிப்) பிளையர், பித்தளைக் கம்பி, மண்ணெண்ணெய், ஒரு தட்டு, நிறைய பனியன் வேஸ்ட். கிரீஸ் என்.எல்.ஜி.ஐ. 2 தரத்தில் (கிரீஸின் கெட்டித்தன்மை எண்) லித்தியம் காம்ப்ளெக்ஸ் வகை, வீல் பேரிங்குக்கு உகந்தது என்று டப்பாவிலேயே போட்டிருக்க வேண்டும். பழைய கிரீஸ் மேலேயே வேறு வகையை அப்பாதீர்கள். வகை ஒத்துப்போகாவிட்டால் இரண்டும் கலந்து நீர்த்து ஓடிவிடும்.

கழற்றுதல்

சக்கரத்தைக் கழற்றுங்கள். டிஸ்க் பிரேக் என்றால் காலிப்பரைக் கழற்றி, கம்பி போட்டு ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸில் அதன் எடை விழக் கூடாது. டிரம் பிரேக் என்றால், உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

அடுத்து லாக்கிங் ஹப். இந்தச் சின்ன டப்பாவுக்கு ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போரில் மிஞ்சிய ஜீப்புகள் பொதுமக்கள் கைக்கு வந்தபோது, சாதாரணச் சாலையில் போகும்போதும் முன் ஆக்சில் முழுக்க வீணாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. 1948-ல் அமெரிக்காவில் ஆர்தர் வார்ன் என்பவர் தேவைப்படும்போது மட்டும் சக்கரத்தையும் ஆக்சிலையும் கோத்துவிடும் ஹப்பை விற்கத் தொடங்கினார். இன்று நீங்கள் திருப்பும் அந்த வட்டக் குமிழின் வேலையும் அதேதான்.

மூடியின் போல்டுகளைக் கழற்றினால் ஆக்சில் முனையில் ஒரு சர்கிளிப் தெரியும். அதை எடுங்கள். பிறகு லாக்கிங் ஹப்பின் உடலைப் பிடித்திருக்கும் நட்டுகள். டொயோட்டாவில் அவற்றுக்கு அடியில் கூம்பு வாஷர்கள் இறுகிப்போய் உட்கார்ந்திருக்கும். இங்கேதான் புதியவர்கள் திணறுவார்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள். நட்டை முழுக்க எடுக்காமல் ஸ்டட்டின் முனை வரை தளர்த்தி விட்டுவிட்டு, ஹப்பின் உடலைப் பித்தளைக் கம்பி வைத்து பக்கவாட்டில் 'டங்' என்று தட்டுங்கள். நாலைந்து தட்டில் வாஷர் துள்ளி வெளியே வரும். நட்டு அங்கேயே இருப்பதால் பறந்துபோய்த் தொலையாது.

அப்புறம் நட்டுகளை எடுத்து லாக்கிங் ஹப்பை உருவிவிட்டு, உள்ளே தெரியும் லாக் வாஷரின் மடிந்த காதுகளை உளியால் நிமிர்த்தி, வெளி நட்டு, லாக் வாஷர், உள் நட்டு, தட்டை வாஷர் என்று வரிசையாக எடுங்கள். எடுத்த வரிசையிலேயே ஒரு துணிமேல் அடுக்கி, ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சக்கர ஹப்பை லேசாக இழுத்தால் வெளிப் பேரிங் கையில் வந்து விழும். பிடித்துக்கொண்டு ஹப்பை முழுதாக வெளியே எடுங்கள். பின்பக்கம் சீலை நெம்பி எடுத்தால் உள் பேரிங்கும் வந்துவிடும். இடப்பக்கப் பேரிங்கையும் வலப்பக்கப் பேரிங்கையும் கலந்துவிடாதீர்கள்.

கிரீஸைப் படியுங்கள்

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். பழைய கிரீஸை விரலில் எடுத்துப் பாருங்கள். கருத்து, ஆனால் வழவழப்பாக இருந்தால் வயதானது, அவ்வளவுதான். பால் கலந்தது போல வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. விரலிடுக்கில் தேய்க்கும்போது வெளிச்சத்தில் மினுமினுத்தால் அது இரும்புத் தூள்; பேரிங் தன்னையே தின்றுகொண்டிருக்கிறது. கஞ்சி போல நீர்த்து, கியர் ஆயில் வாடை வந்தால், ஆக்சிலின் உள் சீல் போய் டிஃப்ரென்ஷியல் (ஆக்சில் நடுவில் உள்ள கியர் பெட்டி) எண்ணெய் நக்கிளைத் தாண்டி வந்திருக்கிறது. அந்த சீலை மாற்றாமல் புதுக் கிரீஸ் வைத்தால் சில வாரங்களில் அதுவும் கஞ்சியாகிவிடும்.

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி உலரவிடுங்கள். காற்றடித்துப் பேரிங்கைச் சுழலவிடக் கூடாது. வேகம் கூடினால் உருளைகள் தெறித்துக் கண்ணில் படும்.

உலர்ந்த பேரிங்கை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். ஹென்றி டிம்கென் 1898-ல் காப்புரிமை பெற்ற கூம்பு உருளை அமைப்புதான் இது: உள்ளே கோன், வெளியே கப்பு, நடுவில் சரிவான உருளைகள். மேலிருந்து வரும் பாரத்தையும் வளைவில் பக்கவாட்டில் வரும் தள்ளலையும் சேர்த்தே தாங்குவதற்காகத்தான் அந்தச் சரிவு. உருளைகள் ஒரே மாதிரி மங்கலான சாம்பல் நிறத்தில் இருந்தால் நல்லது. நீலம் பாய்ந்திருந்தால் சூடேறிப் பதம் போய்விட்டது. கப்பின் உள்பக்கம் விரல் நகத்தை மெல்ல ஓட்டுங்கள். எங்காவது நகம் சிக்கினால் அங்கே குழி விழுந்திருக்கிறது, மாற்ற வேண்டியதுதான். மாற்றினால் கப்பும் கோனும் ஜோடியாக மாற்றுங்கள். பழைய கப்பில் புதுக் கோன் போட்டால் புதியதும் சீக்கிரம் கெடும்.

பழைய கப்பை எதிர்ப்பக்கத்திலிருந்து பித்தளைக் கம்பியால் மாற்றி மாற்றித் தட்டி வெளியேற்றலாம். புதியதை ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் போட்டால் சுலபமாக இறங்கும். தட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருங்கள். பாதி வழியில் மொத்தையாக ஒலிப்பது, கப்பு அடியில் போய் உட்கார்ந்ததும் கணீரென்று மாறும். அந்த மாற்றம் கேட்கும்வரை விடாதீர்கள்.

கிரீஸ் வைத்தல்

இடது உள்ளங்கையில் ஒரு குவியல் கிரீஸ் வையுங்கள். பேரிங்கின் அகலமான பக்கத்தைக் கீழாகப் பிடித்து, குவியலின் ஓரத்தில் அழுத்தி அழுத்தி இழுங்கள். உருளைகளுக்கு நடுவே கிரீஸ் ஏறி, குறுகிய பக்கத்தில் சின்னச் சின்னப் புழுக்களாக எட்டிப்பார்க்க வேண்டும். சுற்றிலும் அப்படி வரும்வரை விடக் கூடாது. மேலே பூசிவிட்டால் பார்க்க நிறைந்த மாதிரிதான் இருக்கும், உள்ளே காய்ந்துதான் கிடக்கும்.

ஹப்பின் உட்குழியில் கப்புகளுக்கு இடையே ஒரு வளையம் போலக் கிரீஸ் இருந்தால் போதும். திணித்து நிரப்பினால் சூடாகும். ஸ்பிண்டிலில் (ஹப் ஏறி உட்காரும் தண்டு) மெல்லிய பூச்சு. உள் பேரிங்கை வைத்து, சீலின் உதட்டிலும் கிரீஸ் தடவி, உதடு பேரிங்கைப் பார்த்தபடி நேராகத் தட்டி இறக்குங்கள். நக்கிளுக்குள் போகும் மாலிப்டினம் கிரீஸ் வேறு. கையைத் துடைக்காமல் இதிலும் அதிலும் விடாதீர்கள். லாக்கிங் ஹப்புக்குள் மட்டும் பெயருக்குத்தான் கிரீஸ். அங்கே அப்பினால் குளிரில் ஹப் கோக்காமல் நிற்கும்.

இறுக்கம்: வேலையின் உயிர் இங்கே

ஹப்பை ஏற்றி, வெளிப் பேரிங், தட்டை வாஷர், உள் நட்டு. ஹப்பை இரு பக்கமும் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்குங்கள். பழைய டொயோட்டாவுக்கும் டானா நிறுவனத்தின் 44 மாடல் ஆக்சிலுக்கும் இந்த முதல் இறுக்கம் சுமார் 60 முதல் 70 நியூட்டன் மீட்டர். உருளைகள் தம் இடத்தில் உட்காருவதற்குத்தான் இது. இப்படியே விட்டு ஓட்டக் கூடாது. நட்டைத் தளர்த்த வேண்டும்.

எவ்வளவு தளர்த்துவது என்பதில் இரண்டு வழக்கங்கள் இருக்கின்றன. டானா ஆக்சிலில் நட்டைக் கால் சுற்று தளர்த்தி, 0.025 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை மயிரிழை ஆட்டம் விடுவார்கள். டொயோட்டா முறையில் ஆட்டமே கூடாது, லேசான முன்னழுத்தம் வேண்டும். சக்கர ஸ்டட்டில் ஸ்பிரிங் தராசைக் கோத்து இழுத்து அதை அளப்பார்கள். உங்கள் வண்டி எந்த முறை, எந்த எண் என்பதற்கு மேனுவல் சொல்வதே முடிவு.

முதன்முதலில் நான் செய்தபோது தளர்த்த மனசு வரவில்லை. இறுக்கமாக இருந்தால்தானே பத்திரம் என்று தோன்றியது. அரை மணி நேரம் ஓட்டி நிறுத்தி ஹப்பைத் தொட்டால் கை வைக்க முடியவில்லை. திறந்து பார்த்தேன், வெளிப் பேரிங்கின் உருளைகள் எல்லாம் நீலமாகிக் கிடந்தன. புதிய பேரிங், ஒரே பயணத்தில் போய்விட்டது.

அளவு வந்ததும் லாக் வாஷர், வெளி நட்டு. வெளி நட்டை இறுக்கும்போது உள் நட்டும் சேர்ந்து நகரும், அல்லது இழைகளில் உள்ள இடைவெளி மூடி இறுக்கம் மாறும். அதனால் பூட்டிய பிறகு மறுபடி சுழற்றி, அசைத்துப் பாருங்கள். மாறியிருந்தால் பிரித்து மறுபடி செய்யுங்கள். எனக்கு இன்றும் இரண்டு மூன்று தடவை ஆகும். பிறகு லாக் வாஷரின் ஒரு காதை உள் நட்டின் மேலும் இன்னொன்றை வெளி நட்டின் மேலும் மடியுங்கள். லாக்கிங் ஹப், கேஸ்கெட், சர்கிளிப், மூடி எல்லாம் கழற்றியதற்கு நேர் எதிர் வரிசையில். காலிப்பரைப் பூட்டியதும் கிளம்புவதற்கு முன் பிரேக் பெடலைக் கெட்டியாகும்வரை மிதியுங்கள்.

பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, அதிகம் பிரேக் போடாமல் நிறுத்தி, இரண்டு ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி. ஒரு பக்கம் மட்டும் சுட்டால் அங்கே இறுக்கம் அதிகம், அல்லது பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. சில நூறு கிலோமீட்டர் கழித்து ஜாக்கியில் தூக்கி ஆட்டத்தை மறுபடி பாருங்கள்.

கையோடு ஒரு மாற்றம்: பிரீதர் குழாய்

ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கிய காற்றுக்குப் பதில் எதையாவது உள்ளே இழுக்கும். இழுக்கக் காற்று கிடைக்காவிட்டால் சீல் இடுக்கு வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஆக்சில் மேல் இருக்கும் சின்ன பிரீதர் மூடி இதற்குத்தான். ஆனால் அது தண்ணீருக்குள் மூழ்கும் உயரத்திலேயே இருக்கிறது, சேற்றில் அடைத்தும் போகிறது. அடைத்துவிட்டால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி எண்ணெயைச் சீல் வழியே வெளியே தள்ளும். மேலே சொன்ன கஞ்சிக்கு இதுவும் ஒரு காரணம்.

மூடியைக் கழற்றி, அதே இழையில் ஒரு குழாய் முனையைப் பூட்டுங்கள். எண்ணெய் தாங்கும் ரப்பர் ஹோஸ் ஒன்றை அதில் மாட்டி, எஞ்சின் அறையின் மேல் மூலை வரை கொண்டுபோய், நுனியில் சின்ன ஃபில்டர் வையுங்கள். ஆக்சில் முழுதாகக் கீழே தொங்கும்போதும் இழுபடாத அளவு தளர்வு வேண்டும். சைலன்சருக்குப் பக்கத்தில் போகக் கூடாது, நடுவில் தொய்ந்து தண்ணீர் தேங்கவும் கூடாது. பின் ஆக்சிலுக்கும் இதையே செய்யுங்கள்.

ஆழமான தண்ணீரைக் கடந்துவிட்டு வந்தால் வண்டியை ஓர் இரவு அசையாமல் நிறுத்துங்கள். தண்ணீர் எண்ணெயை விடக் கனம் என்பதால் அடியில் போய்த் தேங்கும். காலையில் டிஃப்ரென்ஷியலின் அடி பிளக்கை மெல்லத் தளர்த்தி முதல் சில சொட்டுகளை ஒரு வெள்ளைத் தட்டில் பிடியுங்கள். எண்ணெய் மட்டும் வந்தால் பிளக்கை இறுக்கிவிடலாம். தண்ணீர் வந்தாலோ எண்ணெய் வெளுத்திருந்தாலோ எண்ணெயை முழுக்க மாற்றிவிட்டு, ஹப்பையும் அன்றே திறந்து பாருங்கள்.