அம்மாவின் சொத்து வரியும் நான் அளக்காத 140 சதுர அடியும்

போன வாரம் அடுத்த தெருத் தம்பி ஒருவன் தன் பெரியம்மாவின் வரி ரசீதுகளை ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துவந்தான். பெரியம்மாவுக்கு 72 வயது. பெரியப்பா இல்லை. குடும்ப ஓய்வூதியம் வருகிறது, அவ்வளவுதான். "சார், சீனியர் சிட்டிசனுக்கு வீட்டு வரியில 30 பெர்சென்ட் கழிவு இருக்காமே, அதுக்கு எந்த ஃபாரம்?" என்று கேட்டான்.

மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருப் பெரியவர்களுக்கு இந்த வரி வேலைகளைப் பார்த்துக் கொடுப்பது, நான் ஓய்வு பெற்ற பிறகு ஒட்டிக்கொண்ட பழக்கம். இப்போது அம்மா அப்பா வீட்டுக் கணக்கைக் கையில் எடுக்கும் பிள்ளைகள், நான் அந்தக் காலத்தில் விழுந்த அதே பள்ளங்களில் வரிசையாக விழுகிறார்கள். ரசீதைத் தொலைக்காதே, பில் எண்ணைச் சரியாகப் போடு என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

இல்லாத சலுகைக்குக் காத்திருப்பது

அந்த 30 சதவீதம் டெல்லியில் உண்டு. அங்கேயும் ஒரே ஒரு வீட்டுக்கு, அதுவும் 200 சதுர மீட்டர் வரைக்கும்தான். வாட்ஸப்பில் ஊர் பெயரை வெட்டிவிட்டு அனுப்புகிறார்கள். சென்னை மாநகராட்சியில் வயதுக்கென்று தனிக் கழிவு கிடையாது.

கிடைப்பது ஒன்று இருக்கிறது, அதற்கு வயது வேண்டாம். அரையாண்டின் முதல் 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 30-க்குள்ளும் கட்டிவிட்டால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். எங்கள் அம்மா வீட்டுக்கு அது ஏறக்குறைய ஒரு வாரத்து ஆவின் பால் காசு. சிரிக்காதீர்கள், ஓய்வூதியக்காரர்களுக்கு ஒரு வாரப் பால் சின்ன விஷயம் இல்லை. "சலுகை ஃபாரம் வரட்டும்" என்று உட்கார்ந்திருந்தால் இதுவும் போய், மாதம் 1 சதவீதம் தனிவட்டியும் சேரும். தம்பியின் பெரியம்மா அப்படித்தான் ஒரு அரையாண்டைத் தாண்டவிட்டிருந்தார்.

பதிவில் இருக்கும் பரப்பளவை நம்புவது

இதைச் சொல்லும்போது இன்னும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது, என்மேல்.

எங்கள் வீடு தரைத்தளம் மட்டும். அப்பா 90-களின் தொடக்கத்தில் மொட்டை மாடியில் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை போட்டார், வடாம் காயவைக்கவும் மழைக்குத் துணி உலர்த்தவும். 140 சதுர அடி இருக்கும். 1998 மறுமதிப்பீட்டில் அது கணக்கில் ஏறியது. வீடு 1,150, கொட்டகை 140, மொத்தம் 1,290 சதுர அடி. 2016 டிசம்பரில் வர்தா புயல் கொட்டகையைப் பிய்த்து எடுத்துக்கொண்டு போனது. இரண்டு தெரு தள்ளி ஒரு ஓடு கிடந்ததாகச் சொன்னார்கள். நாங்கள் திரும்பப் போடவில்லை.

2018-ல் மாநகராட்சி சுயமதிப்பீட்டுப் படிவம் கொடுத்தது. வீட்டின் பரப்பை நாமே எழுதித் தரவேண்டும். டேப்பை எடுத்து அளந்திருந்தால் அரை மணி நேர வேலை. பழைய மதிப்பீட்டுத் தாளில் இருந்த 1,290-ஐ அப்படியே பார்த்து எழுதி, அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டேன். "சரியா இருக்காடா?" என்று அம்மா கேட்டாள். "இருக்கும்மா" என்றேன். அந்தப் படிவத்தை வைத்து ஏற்றிய வரியை 2019 நவம்பரில் நிறுத்திவைத்தார்கள், கூடுதலாகக் கட்டியது அடுத்தடுத்த பில்லில் கழிந்தது. விஷயத்தை நானும் மறந்துபோனேன்.

2022 ஏப்ரலில் வந்த உயர்வு வேறு மாதிரி. பழைய சென்னைப் பகுதி வீடுகளுக்குப் பரப்பைப் பார்த்து உயர்த்தினார்கள்: 600 சதுர அடி வரை 50 சதவீதம், 601 முதல் 1,200 வரை 75, 1,201 முதல் 1,800 வரை 100, அதற்கு மேல் 150. மாநகராட்சியோடு பின்னால் சேர்ந்த பகுதிகளுக்கு அதே வரிசையில் 25, 50, 75, 100. கவனியுங்கள், 1,200-ல் ஒரு கோடு. என் அம்மாவின் வீடு கோட்டுக்கு இந்தப் பக்கம், பதிவில் மட்டும் அந்தப் பக்கம்.

அரையாண்டுக்கு 1,900 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தோம், அது இரட்டித்து 3,800 ஆனது. கொட்டகை பதிவில் இல்லாமல் இருந்திருந்தால் பழைய வரியே 1,800 பக்கம் இருந்திருக்கும், அதற்கு 75 சதவீதம் ஏறினால் 3,150. வித்தியாசம் அரையாண்டுக்கு 650. புயலில் பறந்துபோன கூரைக்காக ஐந்து அரையாண்டு, 3,250 ரூபாய், அம்மா தன் ஓய்வூதியத்திலிருந்து கட்டினாள். எல்லோருக்கும் ஏறியது போலத்தான் நமக்கும் என்று நான் அவளுக்குச் சமாதானம் வேறு சொன்னேன்.

2024-ல் வேறு ஒருவருக்காகக் கணக்குப் போடும்போதுதான் பொறி தட்டியது. மண்டல அலுவலக வருவாய்ப் பிரிவில் மறு அளவுக்கு எழுதிக் கொடுத்தோம், வந்து அளந்தார்கள், அடுத்த அரையாண்டிலிருந்து குறைந்தது. கட்டியது கட்டியதுதான். கொட்டகை எந்தத் தேதியில் போனது என்பதற்கு என்னிடம் ஒரு போட்டோகூட இல்லை. எதைக் காட்டிக் கேட்பேன்? அந்த அரையாண்டில்தான் 6 சதவீதம் உயர்வும் வந்தது. அதுவும் தப்பான தொகைமேல் ஏறியிருந்தால் தப்பும் சேர்ந்து வளர்ந்திருக்கும்.

மஞ்சள் பையைக் கொட்டிப் பார்த்தால் பெரியம்மா வீட்டுக் கதையும் இதேதான், வேறு வேஷத்தில். 2018 படிவத்தின் நகலில் 1,236 என்று எழுதியிருக்கிறது. கிரயப் பத்திரத்தைப் புரட்டினேன். 1,236 சதுர அடி என்பது மனையின் அளவு! நாலு பக்கமும் சந்து விட்டு, தரைத்தளம் மட்டும் கட்டிய வீடு எப்படி மனை முழுக்க இருக்கும்? யார் எழுதியது என்று கேட்டேன். தம்பி தலையைச் சொறிந்தான். அப்போது அவன் கல்லூரியில் முதல் வருஷமாம்.

ஆகவே வரி அட்டையையும் பத்திரத்தையும் மூடி வைத்துவிட்டு முதலில் சுவரின் வெளி விளிம்பிலிருந்து டேப் பிடியுங்கள். பிறகு வருவாய்ப் பிரிவில் உங்கள் பில் எண்ணுக்கு என்ன பரப்பு, என்ன பயன்பாடு பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். உங்கள் அளவு 600, 1,200, 1,800 இந்த மூன்றில் ஒன்றை ஒட்டி இருந்தால் இருமுறை அளக்கவும். எதையாவது இடித்தாலோ பிரித்தாலோ அன்றே போட்டோ எடுத்து, அந்த வாரமே எழுதிக் கொடுத்து, கொடுத்த மனுவின் நகலில் முத்திரை வாங்குங்கள். மனு நிலுவையில் இருக்கிறது என்று வரியை நிறுத்த வேண்டாம், வட்டி மனுவைப் படிப்பதில்லை.

மூடிய கடை

முன்னறையில் பெட்டிக்கடையோ தையல் கடையோ வைத்திருந்து ஷட்டரைக் கழற்றிவிட்டீர்களா? பதிவில் அது இன்னும் வணிகமாக இருக்கலாம். 2022-ல் பழைய சென்னைப் பகுதியில் வணிகக் கட்டடங்களுக்கு 150 சதவீதம் ஏறியது.

இறந்தவர் பெயரில் ரசீது

வரியைக் கட்டிக்கொண்டிருக்கும்வரை யாரும் கேட்கமாட்டார்கள். திருத்தம் கேட்டு மனு கொடுக்கும் நாளில் கேட்பார்கள். தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள். பெயர் மாறிவிட்டால் வீடே பெரியம்மா பெயருக்கு வந்துவிடும் என்று தம்பி நினைத்திருந்தான். வரி ரசீது பட்டா ஆகாது, மற்ற வாரிசுகளின் பங்கும் எங்கேயும் போகாது.

"நான் முடிச்சுத் தரேன்" ஆசாமி

வேண்டாம்.

குடிநீர் வாரியத்தை மறப்பது

குடிநீர், கழிவுநீர் வரி என்பது மாநகராட்சி பரப்பை வைத்து வீட்டுக்குப் போடும் ஆண்டு வாடகை மதிப்பில் 7 சதவீதம். ஆகவே பரப்பளவுத் தப்பு இரண்டு இடத்தில் காசு வாங்கும். மாநகராட்சியில் திருத்திய உத்தரவு கைக்கு வந்ததும் ஒரு நகல் எடுத்து, குடிநீர் வாரியப் பகுதி அலுவலகத்தில் நுகர்வோர் எண்ணோடு கொடுங்கள். நான் இதை எட்டு மாதம் கழித்துத்தான் செய்தேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.