ஒரே சர்வரில் ஓடும் நிறுவனத் தரவுத்தளம்: மீட்கும் நாளிலிருந்து பின்னோக்கித் திட்டமிடும் முறை

ஒரே வன்பொருளில் பல கணினிகளை மென்பொருளாக ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸ் நிறுவிய ஒரே ஒரு சர்வருக்குள் நான்கைந்து மெய்நிகர் கணினிகள் ஓடுவதும், அவற்றுள் ஒன்றில் பில்லிங், சரக்கு இருப்பு, கணக்கு ஆகிய மூன்றையும் தாங்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இருப்பதும் நடுத்தர நிறுவனங்களில் பரவலாகக் காணப்படும் அமைப்பு. இந்த அமைப்புக்குக் காப்புநகல் ஏற்பாடு செய்ய உட்காருபவர் முதலில் மென்பொருளைத் திறக்க வேண்டாம். நிறுவன உரிமையாளரிடம் இரண்டு கேள்விகளைக் கேட்டு, விடையை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். எத்தனை நிமிட அல்லது எத்தனை மணி நேரப் பதிவுகள் போனால் மறுபடி கையால் ஏற்றிச் சமாளிக்க முடியும் என்பது முதற்கேள்வி. பில் போடாமல் கடையோ கிடங்கோ எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்பது இரண்டாவது. "எதுவுமே போகக்கூடாது" என்றுதான் முதலில் விடை வரும். அதற்கு ஆகும் செலவைச் சொன்னதும் "பத்து நிமிடம் போனால் பரவாயில்லை" என்று அது இறங்கிவிடும்.

காப்புநகல் என்று தவறாக எண்ணப்படும் இரண்டை இங்கேயே ஒதுக்கிவிடலாம். பல வட்டுகளைச் சேர்த்து இயக்கும் ரெய்டு அமைப்பு, ஒரு வட்டு பழுதானாலும் வேலை நிற்காமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் ஒருவர் தவறுதலாக ஓர் அட்டவணையை அழித்தால், அந்த அழிப்பை எல்லா வட்டுகளிலும் அதே நொடியில் உண்மையாக எழுதிவைக்கும். ஒரு கணத்தின் நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட், மூலத் தரவு இருக்கும் அதே சேமிப்பகத்திலேயே இருப்பதால், சேமிப்பகம் போனால் அதுவும் உடன் போகும். மென்பொருளைப் புதுப்பிக்கும் முன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து, வேலை முடிந்ததும் அன்றோ மறுநாளோ நீக்கிவிடுவதுதான் அதன் சரியான பயன். மாதக்கணக்கில் விட்டுவைத்தால் அது பெருத்துக்கொண்டே போய், குறைந்த இடத்தை அதிகமாகக் கணக்குக் காட்டும் மெல்லிய ஒதுக்கீட்டுச் சேமிப்பகத்தை நிரப்பிவிடும். அந்தப் பொதுத் தொகுப்பு நிரம்பினால் அதைப் பகிரும் எல்லா மெய்நிகர் கணினிகளும் சேர்ந்து சிக்கலுக்குள்ளாகும்.

மெய்நிகர் கணினியை முழுதாக ஒவ்வோர் இரவும் வேறொரு பெட்டிக்கு நகலெடுப்பது முதல் அடுக்கு. மெய்நிகர் கணினிக்குள் ஓடும் இயங்குதளத்தில், ப்ராக்ஸ்மாக்ஸுடன் பேசும் கீமு ஏஜென்ட் என்னும் சிறு நிரல் நிறுவப்பட்டிருந்தால், நகல் தொடங்கும் கணத்தில் கோப்பமைப்பு உறையவைக்கப்பட்டு, நினைவகத்தில் எழுதப்படாமல் கிடப்பவை வட்டுக்கு இறக்கப்படும். இங்கே ஒரு சிறு பொறி உண்டு: ப்ராக்ஸ்மாக்ஸில் ஒவ்வொரு மெய்நிகர் வட்டுக்கும் அதை நகலில் சேர்ப்பதா வேண்டாமா என்னும் தேர்வு தனித்தனியாக இருக்கிறது. பின்னால் சேர்த்த தரவு வட்டில் அந்தக் குறி விடுபட்டிருந்தால், இரவுதோறும் வேலை வெற்றி என்றே அறிக்கை வரும். தரவு மட்டும் அதில் இராது. ஆகவே ஒவ்வொரு வட்டின் அமைப்பையும் திறந்து பார்த்து உறுதிசெய்க.

இந்த அடுக்கு நேற்றிரவு வரைதான் காப்பாற்றும். பத்து நிமிட இழப்பு என்று எழுதி வாங்கியிருந்தால் தரவுத்தளத்தின் மட்டத்துக்கு இறங்கியே தீர வேண்டும். போஸ்ட்கிரெஸின் பிஜி-டம்ப் கருவி, தொடங்கிய கணத்தில் தரவு எப்படி இருந்ததோ அப்படியே முரணின்றி எடுத்துத் தரும். ஒற்றை அட்டவணையை மீட்கவும், புதிய பதிப்புக்கு மாறவும் அது மிக நல்லது. ஆனால் பயனர் கணக்குகளும் அவற்றின் கடவுச்சொற்களும் அதில் வருவதில்லை. அவற்றுக்கு பிஜி-டம்ப்-ஆல் கருவியைப் பொதுத் தகவல்களை மட்டும் எடுக்கும் தெரிவுடன் தனியே ஓட்ட வேண்டும். தவிர, டம்ப் எடுத்த கணத்துக்குப் பிந்தைய எதையும் அது தராது.

நிமிடக் கணக்கில் பின்னோக்கிச் செல்ல உதவுவது வால் (WAL) கோப்புகள். (தமிழில் படித்தால் சிரிப்பு வரும், இங்கே தலையைக் காப்பது இந்த வால்தான்.) போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு மாற்றத்தையும் தரவுக் கோப்பில் எழுதுமுன் இதில் எழுதிக்கொள்கிறது, ஒரு கோப்பின் வழக்கமான அளவு 16 மெகாபைட். வாரம் ஒருமுறை பிஜி-பேஸ்பேக்கப் கருவி கொண்டு முழு அடிப்படை நகல் ஒன்றை எடுத்துவிட்டு, நிறைவடையும் ஒவ்வொரு வால் கோப்பையும் வேறொரு கணினிக்கு அனுப்பிவந்தால், அந்த நகலுக்கும் கடைசியாக அனுப்பிய கோப்புக்கும் இடைப்பட்ட எந்தக் கணத்துக்கும் தரவைக் கொண்டுவரலாம். வேலை குறைந்த நேரத்தில் ஒரு கோப்பு நிறைய வெகுநேரம் ஆகும் என்பதால், 5 நிமிடத்துக்கு ஒருமுறை கோப்பை மாற்றும்படி காலவரம்பை 300 நொடியாக வைக்க வேண்டும். நாள் முழுதும் இப்படி மாறினால் 288 கோப்புகள், ஏறத்தாழ 4.5 ஜிகாபைட், எஞ்சிய பகுதி வெற்றிடமாக இருப்பதால் சுருக்கி அனுப்பினால் மிகவும் குறைந்துவிடும்.

கோப்பை அனுப்பும் கட்டளை எழுதுகையில் இரண்டு விதிகளை மீறக்கூடாது: சேருமிடத்தில் அதே பெயரில் கோப்பு இருந்தால் அதன்மேல் எழுதக்கூடாது, கோப்பு உண்மையில் சேர்ந்தபின் மட்டுமே வெற்றிக்குறி திருப்ப வேண்டும். தோல்வி என்று திருப்பினால் போஸ்ட்கிரெஸ் கோப்பை நீக்காமல் வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி முயலும். இது நல்ல குணம். ஆனால் சேருமிடம் மூன்று நாள் கிடைக்காமல் போனால் வால் கோப்புகள் குவிந்து வட்டு நிறைந்து தரவுத்தளமே நின்றுவிடும். போஸ்ட்கிரெஸுக்குள் இருக்கும் பிஜி-ஸ்டாட்-ஆர்க்கைவர் என்னும் நிலைப்பட்டியலில் தோல்வி எண்ணிக்கையும் கடைசியாக அனுப்பிய நேரமும் இருக்கின்றன. பிழை வந்தால் மின்னஞ்சல் அனுப்பு என்று அமைப்பதைவிட, இத்தனை நிமிடமாக வெற்றிச் செய்தி வரவில்லை என்றால் எச்சரி என்று அமைப்பதே சரியென்பது என் கருத்து.

அதற்குக் காரணம் சொல்ல, நிரல்களைச் சேமித்துப் பகிரும் இணையதளம் நடத்தும் கிட்லேப் நிறுவனம் 2017 ஜனவரி 31 அன்று பட்ட பாடு போதும். களைத்திருந்த பொறியாளர் ஒருவர் துணைச் சர்வர் என நினைத்து முதன்மைச் சர்வரின் தரவுக் கோப்புறையை அழித்தார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிகாபைட்டில் 4.5 ஜிகாபைட் மட்டுமே எஞ்சியது. டம்ப் எடுக்கும் கருவி 9.2 பதிப்பாகவும் தரவுத்தளம் 9.6 பதிப்பாகவும் இருந்ததால் நகல் எடுப்பது முன்பே தோற்றுக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல வந்த மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டதால் யாருக்கும் தெரியவில்லை. வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்த ஸ்னாப்ஷாட் ஒன்றுதான் கைகொடுத்தது. இடைப்பட்ட ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். இந்த விவரங்களை நிறுவனமே வெளிப்படையாக எழுதியது பாராட்டுக்குரியது.

எனவே மீட்பு ஒத்திகையை மாதம் ஒருமுறை நாட்காட்டியில் குறித்துச் செய்க. வெளி இணைப்பு இல்லாத தனி மெய்நிகர் கணினியில், அதே இயங்குதளப் பதிப்பையும் போஸ்ட்கிரெஸின் அதே முதன்மைப் பதிப்பையும் நிறுவுக. இயங்குதளப் பதிப்பு ஏன் முக்கியமென்றால், எழுத்து வரிசை விதிகளை போஸ்ட்கிரெஸ் பெரும்பாலும் லினக்ஸின் ஜிலிப்சி நூலகத்திடமிருந்து பெறுகிறது. 2018இல் வந்த அதன் 2.28 பதிப்பு அந்த விதிகளைப் பெருமளவு மாற்றியதால், அதற்கு முந்தைய கணினியில் உருவான அட்டவணைச் சுட்டிகள் (இன்டெக்ஸ்) பிந்தைய கணினியில் தவறான விடை தரக்கூடும். அடிப்படை நகலை விரித்துவிட்டு, ரெகவரி-சிக்னல் என்னும் வெற்றுக் கோப்பைத் தரவுக் கோப்புறையில் வைத்து, வால் கோப்புகளை எடுத்துத் தரும் கட்டளையையும் இலக்கு நேரத்தையும் அமைப்பில் எழுதித் தொடங்கினால் மீட்பு ஓடும்; 12ஆம் பதிப்பு முதல் இதுவே முறை. இலக்கை அடைந்ததும் போஸ்ட்கிரெஸ் இயல்பாக இடைநிறுத்தி, படிக்க மட்டும் அனுமதிக்கும். அழிந்த அட்டவணை இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுக. இன்னும் சற்றுப் பிந்தைய நேரத்துக்குச் செல்ல வேண்டுமானால் நிறுத்தி, இலக்கு நேரத்தைத் தள்ளி வைத்துத் தொடரலாம். தாண்டிப் போய்விட்டால் அடிப்படை நகலை மறுபடி விரிப்பதைத் தவிர வழியில்லை. ஆகவே சந்தேகம் இருந்தால் முந்தைய நேரத்தையே முதலில் கொடுக்க வேண்டும்.

நகல்களில் ஒன்றேனும் கட்டடத்துக்கு வெளியே இருக்க வேண்டும். அதைச் சர்வர் அனுப்புவதாக அல்லாமல், வெளிக் கணினி வந்து எடுத்துச் செல்வதாக அமைத்தால், சர்வருக்குள் புகுந்த பணயத் தீநிரலுக்கு (ரான்சம்வேர்) அந்த நகலை அழிக்கும் உரிமை கிடைக்காது. இந்தியாவில் பதிவான நிறுவனங்கள் மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்குப் புத்தகங்களின் காப்புநகலை இந்தியாவிலுள்ள சர்வரில் நாள்தோறும் வைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்ட்டில் திருத்தப்பட்ட விதி சொல்கிறது என்பதால், வெளிநாட்டு மேகச் சேமிப்பை மட்டும் நம்புவது போதாது.

ஒத்திகை முடிந்ததும், தொடங்கிய நேரம், தரவு திரும்பிய நேரம், கடைசியாகக் கிடைத்த பில்லின் எண் ஆகிய மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி, உரிமையாளர் முதலில் எழுதித் தந்த தாளின் பக்கத்தில் வைத்து அவரிடம் காட்டுக. எண்கள் பொருந்தவில்லையென்றால், அடிப்படை நகலை வாரத்துக்கு இருமுறை எடுப்பதா, வேகமான வட்டு வாங்குவதா என்பதை அந்த மேசையிலேயே முடிவுசெய்துவிடலாம்.