செயற்கை நுண்ணறிவின் அறம் பேசும் நூல்கள்: வாசிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த வகை நூல்கள் பாதியில் கைவிடப்படுவதற்குக் கடினமான நடை மட்டும் காரணமில்லை. நூல் ஒரு கேள்வியைக் கேட்கிறது, வாசகர் வேறொரு கேள்விக்கு அதில் பதில் தேடுகிறார். எந்திரத்துக்குப் புரிதல் உண்டா என்பது மனம் பற்றிய தத்துவம். எந்திரம் போட்ட மதிப்பெண்ணை வைத்து ஒருவருக்குக் கடன் மறுக்கலாமா என்பது அறம். எந்திரம் நம் பிடியை மீறுமா என்பது இன்னொன்று. முன்னுரையைப் படித்ததும் ஆசிரியரின் கேள்வியை ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் முன்னுரையையே மறுபடி படியுங்கள்.

இந்தக் கலப்புக்கு அதிகம் இரையாவது அமெரிக்கத் தத்துவவாதி ஜான் சர்ல் 1980-இல் முன்வைத்த 'சீன அறை' வாதம். சீன மொழி தெரியாத ஒருவர் அறைக்குள் இருந்து, விதிப் புத்தகத்தைப் பார்த்துச் சரியான சீனப் பதில்களை வெளியே தருகிறார். குறிகளைக் கையாள்வது வேறு, பொருள் புரிவது வேறு என்பதே அவர் வாதம். இதைக் காட்டி, 'ஆகவே எந்திரத்தால் ஆபத்தில்லை' என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். சர்ல் அப்படிச் சொல்லவே இல்லை. எதையும் புரிந்துகொள்ளாத எந்திரத்தாலும் ஒரு விண்ணப்பத்தைத் தள்ளிவிட முடியும். அந்தக் கட்டுரை வெளியான இதழிலேயே மறுப்புகளும் அச்சாகின. உள்ளே இருப்பவருக்குப் புரியாவிட்டாலும் ஆளும் விதியும் சேர்ந்த முழு அறைக்குப் புரிகிறது என்பது அவற்றில் முக்கியமானது. மறுப்புகளையும் சர்லின் பதிலையும் விட்டால் பாதி விவாதத்தைத்தான் படித்திருப்பீர்கள்.

அடுத்தது, ஆண்டைப் பார்க்காமல் படிப்பது. கையில் இருக்கும் பதிப்பின் ஆண்டு போதாது, முதல் பதிப்பின் ஆண்டு வேண்டும். தத்துவவாதி ஹியூபர்ட் டிரைஃபஸின் 'வாட் கம்ப்யூட்டர்ஸ் கான்ட் டூ' (கணினிகளால் செய்ய முடியாதவை) 1972-இல் வந்தது. அவர் எதிர்த்தது, விதிகளாலும் குறியீடுகளாலும் அறிவைக் கட்டிவிடலாம் என்ற அன்றைய நம்பிக்கையை. அதை, விதிகளை எழுதித் தராமல் தரவிலிருந்தே கற்கும் இன்றைய நரம்பு வலையமைப்புகள் மீதான தீர்ப்பாக அப்படியே எடுத்துக்கொள்வது தவறு. பழையது என்று ஒதுக்குவதும் தவறுதான்: உடலோடு வாழ்ந்து பெறும் திறனை விதிகளாக எழுத முடியுமா என்ற அவர் கேள்வி தீரவில்லை. எலிசா என்ற உரையாடல் நிரலை எழுதிய ஜோசஃப் வைசன்பாம், 1976-இல் வந்த தம் நூலில் இன்னும் கூர்மையாகக் கேட்டார்: கணினியால் செய்ய முடிந்தாலும் அதனிடம் ஒப்படைக்கக் கூடாத முடிவுகள் எவை? எந்திரங்களின் திறன் கூடக் கூட இந்தக் கேள்வியின் கனமும் கூடுகிறது.

சிந்தனைச் சோதனையை ஆரூடமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தத்துவவாதி நிக் போஸ்ட்ரம் கற்பனை செய்த எந்திரம், காகிதக் கவ்விகளைப் பெருக்குவதை மட்டுமே இலக்காகக் கொண்டு மற்ற எல்லாவற்றையும் அதற்காக அழித்துவிடும். அப்படி ஒன்று வரப்போகிறதா என்பதல்ல பேச்சு. எவ்வளவு உயர்ந்த அறிவும் எவ்வளவு அற்பமான இலக்கோடும் சேர்ந்திருக்கலாம் என்பதுதான்.

எல்லாவற்றையும்விடச் சேதம் விளைவிக்கும் தவறு, நியாயத்தை ஒரே எண்ணாக நினைப்பது. ஒருவர் மறுபடி குற்றம் செய்வாரா என்று கணிக்க அமெரிக்க நீதிமன்றங்களில் பயன்பட்ட காம்பாஸ் மென்பொருள் பற்றிய 2016 சர்ச்சை இத்துறை நூல்களில் அடிக்கடி வரும். மறுபடி குற்றம் செய்யாத கறுப்பினத்தவர், அதேபோன்ற வெள்ளையரைவிட அதிகமாக 'ஆபத்தானவர்' என்று தவறாகக் குறிக்கப்பட்டதாகப் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் காட்டியது. ஒரே மதிப்பெண் இரு இனத்தாருக்கும் ஒரே பொருள் தருகிறது என்று மென்பொருளை உருவாக்கிய நிறுவனம் பதில் சொன்னது. யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று வாசகர் நினைத்துவிடுகிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

முதல் குழுவில் 100 பேர், அவர்களில் 50 பேர் மறுபடி குற்றம் செய்கிறார்கள். இரண்டாம் குழுவிலும் 100 பேர், ஆனால் 20 பேர்தான் செய்கிறார்கள். முதல் குழுவில் 50 பேரை 'ஆபத்தானவர்' என்று கருவி குறிக்கிறது, 40 பேர் விஷயத்தில் அது சரி. இரண்டாம் குழுவில் 20 பேரைக் குறிக்கிறது, 16 சரி. இரண்டிலும் குறிக்கப்பட்டவர்களில் 80% சரி. குற்றம் செய்தவர்களில் பிடிபட்டவர்களும் இரண்டிலும் 80%. ஆனால் தவறாகக் குறிக்கப்பட்டோர் முதல் குழுவின் குற்றமற்ற 50 பேரில் 10, அதாவது 20%. இரண்டாம் குழுவில் 80 பேரில் 4, வெறும் 5%. அடிப்படை விகிதம், அதாவது ஒவ்வொரு குழுவிலும் மறுபடி குற்றம் செய்வோரின் பங்கு, வேறுபடும்போது, பிழையே செய்யாத கருவியைத் தவிர எதனாலும் இந்த மூன்றையும் ஒருசேரச் சமமாக்க முடியாது. எதை விட்டுக்கொடுப்பது என்பதைக் கணிதம் சொல்லாது, அங்கேதான் அறம் தொடங்குகிறது. குற்றம் செய்தவர் என்று தரவு சொல்பவர் உண்மையில் கைதானவர் மட்டுமே என்பதையும் சேர்த்து யோசியுங்கள். 'அல்காரிதம் பாரபட்சமானது' என்ற வரி வரும் இடமெல்லாம், எந்த அளவையில் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். குறிக்க முடியாதபடி எழுதும் நூலைச் சற்றே சந்தேகத்தோடு படிக்கலாம்.

புகழ்பெற்ற உதாரணங்களிலும் கவனம் தேவை. பேருந்தில் வரும் ஏழைகளும் கறுப்பினத்தவரும் கடற்கரைக்கு வராதபடி, நியூயார்க்கின் கட்டுமானத் திட்டங்களை வகுத்த ராபர்ட் மோசஸ் லாங் ஐலண்டில் பாலங்களைத் தாழ்வாகக் கட்டினார் என்று தொழில்நுட்பத்தின் அரசியலை ஆராய்ந்த லாங்டன் வின்னர் 1980-இல் ஒரு கட்டுரையில் எழுதினார். அந்த வரலாற்றை ஆய்வாளர்கள் பின்னர் கேள்விக்கு உட்படுத்தினர். ஆனாலும் பொருள்களின் வடிவமைப்பில் அதிகாரம் படிந்திருக்கும் என்ற வின்னரின் வாதம் அந்த ஒரு பாலத்தை மட்டும் நம்பி நிற்கவில்லை. உதாரணம் ஆடினால் வாதமும் ஆடுகிறதா என்று தனியே பாருங்கள்.

ஜெர்மானியத் தத்துவவாதி ஹைடெக்கரில் தொடங்க வேண்டாம். 1954-இல் அச்சான அவருடைய தொழில்நுட்பக் கட்டுரை நீளமில்லை, ஆனால் அவரே உருவாக்கிய சொற்களால் ஆனது. வின்னரின் கட்டுரையையும் வைசன்பாமின் நூலையும் முடித்தபின் அதை எடுத்தால், அவர் எதற்காக அந்தச் சொற்களைத் தேடினார் என்பது பிடிபடும்.