விழா மலர் வடிவமைப்பில் செய்யக் கூடாதவை

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் கோயில் கொடை, பங்குத் திருவிழா, பள்ளி ஆண்டு விழா என்று மலர் போடாத ஊர் குறைவு. அவற்றின் பக்கங்கள் நெருக்கியடித்துக் கிடப்பதற்கு முக்கியக் காரணம், மென்பொருள் ஆங்கில எழுத்தை மனதில் வைத்துத் தரும் அளவுகளை அப்படியே விட்டுவிடுவதுதான்.

வரி இடைவெளியைப் பாருங்கள். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைன் தானாக வைப்பது எழுத்தளவில் 120 சதவீதம்; 10 பாயின்ட் எழுத்துக்கு 12. தமிழுக்கு இது பத்தாது. மேல் வரியில் ‘ழு’வின் கீழ்ச்சுழியும் கீழ் வரியில் ‘கீ’யின் மேல்சுழியும் முட்டிக்கொள்ளும். 14 அல்லது 15 வையுங்கள். பக்கம் கூடிவிடுமே என்றால் எழுத்தை 9.5 ஆக்குங்கள், இடைவெளியில் கை வைக்காதீர்கள். தலைப்பை அகலமாக்க டிராக்கிங்கை (எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளியை) ஏற்றுவதும் வேண்டாம். ‘கெ’யின் கொம்பு பிரிந்து, முன்னால் நிற்கும் எழுத்தோடு சேர்ந்துகொள்ளும்.

ஏ4 பக்கத்தை நெடுக்குவாக்கில் மூன்று பத்தியாகப் பிரித்து இருபுறமும் சமன் செய்தால், ‘ஆதிகேசவப்பெருமாள்’ போன்ற ஒரு சொல் வந்தாலே அந்த வரி பொக்கைவாயாகிவிடும். இரண்டு பத்தி போதும். சொல்லை உடைத்தே தீரவேண்டும் என்றால் ‘ஆதிகேசவப் / பெருமாள்’ சரி. ‘ஆதிகேசவ / ப்பெருமாள்’ தவறு. புள்ளி வைத்த எழுத்தில் வரி தொடங்கக் கூடாது. யூனிகோடில் தட்டிய ‘கொ’ சிதறித் தெரிந்தால் எழுத்துருவைப் பழிக்காதீர்கள். இன்டிசைனில், தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகச் சேர்த்துக் காட்டும் வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுங்கள்.

படங்களுக்கு அச்சிடும் அளவிலேயே 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) வேண்டும். 1600 பிக்சல் அகலப் படம் 13.5 செ.மீ. வரைதான் தாங்கும், அதை அட்டை முழுக்க இழுத்தால் மங்கும். வாட்ஸ்அப்பில் அனுப்புவோரிடம் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். முட்டம் கடலின் நீலம் திரையில் பளிச்சென்று இருந்தாலும் அச்சுக்கான நான்கு வண்ண முறையான சிஎம்ஒய்கே-வில் சற்றுச் செத்துத்தான் வரும். மாற்றிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். வள்ளுவர் சிலையையும் விவேகானந்தர் பாறையையும் இரு பக்கங்களில் விரித்துப் போடும்போது சிலை மடிப்பில் விழுந்தால், 133 அடியும் பைண்டிங்குக்குள் போய்விடும். பசை பைண்டிங் என்றால் உள் ஓரம் 20 மி.மீ. விடுங்கள். நடுவில் பின் அடிப்பதென்றால் மொத்தப் பக்கங்கள் 4-இன் மடங்காக இருக்க வேண்டும். ஓரம்வரை போகும் படத்தை வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. நீட்டுங்கள்.

சின்ன எழுத்துக்கு நான்கு வண்ணமும் கலந்த கறுப்பு கொடுக்காதீர்கள். அச்சுத் தட்டுகள் இம்மி விலகினாலும் நன்கொடையாளர் பெயர்களைச் சுற்றி வண்ண நிழல் விழும். கறுப்பு மட்டும் 100 சதவீதம், மற்ற மூன்றும் 0.