கணக்கிலிருந்து தெரியாமல் பணம் போனால்: முதல் நிமிடத்திலிருந்து முப்பதாம் நாள் வரை

வங்கிக் கணக்கிலிருந்து நமக்குத் தெரியாமல் போன பணம் திரும்பி வருமா என்பது பெரும்பாலும் இரண்டு கேள்விகளில் அடங்கிவிடும். எப்போது புகார் சொன்னீர்கள்? சொன்னதற்கு ஆதாரம் இருக்கிறதா? இந்தியாவில் இதற்கான விதிகள் வாடிக்கையாளருக்கு ஓரளவு சாதகமாகவே இருக்கின்றன. ஆனால் அந்த விதிகள் கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்பவை.

இன்றே செய்து வைக்க வேண்டியது

கணக்கில் பதிவான செல்போன் எண் இப்போது உங்கள் கையில் இருப்பதுதானா என்று பாருங்கள். பழைய எண்ணாக இருந்தால் எஸ்எம்எஸ் வேறு யாருக்கோ போய்க்கொண்டிருக்கும். கார்டின் பின்புறமோ பாஸ்புக்கிலோ அச்சிட்ட வங்கியின் சேவை எண்ணைப் போனில் சேமியுங்கள். ஒரு தாளிலும் எழுதி வையுங்கள், களவு போனது போனாகவே இருக்கலாம். அவசரத்தில் கூகுளில் எண் தேட வேண்டாம். போலி எண்களை அங்கே பரப்பிவிட்டுக் காத்திருக்கும் கூட்டம், பதற்றத்தில் இருப்பவரை இரண்டாம் முறையும் கறக்கும்.

படி 1: ஓட்டையை அடைத்துவிடுங்கள்

பலரும் டெபிட் கார்டை மட்டும் முடக்கிவிட்டு நிம்மதியாகிறார்கள். கார்டை முடக்கினால் யுபிஐ நிற்காது, நெட் பேங்கிங்கும் நிற்காது. எனவே வங்கிக்கு அழைத்து, "கார்டு, யுபிஐ, நெட் பேங்கிங் மூன்றையும் நிறுத்துங்கள்" என்று தனித்தனியாகச் சொல்லுங்கள்.

யாரோ சொன்னதைக் கேட்டுத் திரையைப் பகிரும் செயலியை நிறுவியிருந்தால், முதல் வேலை போனின் இணையத்தை அணைப்பது. வங்கிக்கு வேறு போனிலிருந்து பேசுங்கள். காரணமில்லாமல் சிக்னல் போய்விட்டதா? உங்கள் எண்ணுக்கு வேறு யாரோ புது சிம் வாங்கியிருக்கலாம், தொலைபேசி நிறுவனத்தையும் உடனே அழையுங்கள். ஆதார் கைரேகை மூலம் பணம் எடுக்கப்பட்டிருந்தால் ஆதார் இணையதளத்திலோ செயலியிலோ பயோமெட்ரிக் பூட்டைப் போட வேண்டும். அது போடாதவரை மற்றதெல்லாம் போட்டும் பயனில்லை.

படி 2: 1930

அடுத்த அழைப்பு 1930, நாடு முழுவதற்குமான சைபர் குற்ற உதவி எண். வங்கியின் பெயர், கணக்கு எண், தொகை, நேரம், பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். யுபிஐ என்றால் இந்த எண் செயலியின் பரிவர்த்தனை விவரத்தில் 12 இலக்கமாக இருக்கும். திருடிய பணம் ஒரே இடத்தில் தங்காது, கணக்கு மாறி மாறிப் போய் ஏதோ ஒரு ஏடிஎம்மில் ரொக்கமாக வெளியேறும். அதற்குள் தகவல் போனால் வழியில் உள்ள கணக்கில் முடக்கி வைக்க வாய்ப்புண்டு. பேசியதோடு விடாமல், அன்றே தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் விவரங்களைப் பதிவு செய்து, ஒப்புகை எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: வங்கிக்கு எழுத்தில் புகார்

போனில் சொன்னது போதாது. வங்கி மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள், அல்லது கிளையில் கொடுத்து நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். இவ்வளவு எழுதினால் போதும்:

"எனது சேமிப்புக் கணக்கு எண் … இலிருந்து … தேதி … மணிக்கு ரூ. … எனது அனுமதியின்றி எடுக்கப்பட்டுள்ளது. பரிவர்த்தனை எண் … . எஸ்எம்எஸ் … மணிக்கு வந்தது. … மணிக்கு உங்கள் சேவை எண்ணில் புகார் செய்தேன், புகார் எண் … . தொகையைத் திரும்ப வரவு வைக்கக் கோருகிறேன்."

ஓடிபியோ பின்னோ நீங்களே சொல்லியிருந்தால், சொல்லவில்லை என்று எழுதாதீர்கள். வங்கியின் பதிவுகளில் அது தெரிந்துவிடும், பிறகு நீங்கள் சொல்லும் உண்மைகளுக்கும் மதிப்பிருக்காது.

அந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் கொண்டுவந்த விதிகள்தான் இங்கே அடிப்படை. தவறு வங்கியுடையது என்றால் நீங்கள் எப்போது புகார் சொன்னாலும் இழப்பு உங்களுடையதல்ல. வங்கியும் நீங்களும் காரணமில்லாமல் வேறெங்கோ ஓட்டை விழுந்திருந்தால், எஸ்எம்எஸ் வந்ததிலிருந்து 3 வேலை நாட்களுக்குள் சொன்னால் முழுத் தொகையும் வர வேண்டும். 4 முதல் 7 வேலை நாட்கள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்கில் ஒரு பரிவர்த்தனைக்கு அதிகபட்சம் ரூ. 10,000 உங்கள் தலையில் விழும். குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படைக் கணக்கில் ரூ. 5,000. 7 வேலை நாட்களைத் தாண்டினால் வங்கியின் சொந்தக் கொள்கைப்படி.

"ஒரு பரிவர்த்தனைக்கு" என்பதைக் கவனியுங்கள். ஐந்தாம் நாள் புகார் செய்கிறீர்கள் என்று வையுங்கள். ஒரே தடவையில் ரூ. 40,000 போயிருந்தால் உங்கள் இழப்பு 10,000. அதையே எட்டாயிரம் எட்டாயிரமாக ஐந்து தடவை எடுத்திருந்தால் 40,000 முழுவதும் உங்களுடையது. நாட்களைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

எஸ்எம்எஸ் வந்த நாள் இந்த நாட்களின் எண்ணிக்கையில் சேராது. வியாழன் இரவு வந்தது, அந்தச் சனி மாதத்தின் இரண்டாம் சனி என்றால் வெள்ளி முதல் நாள், திங்கள் இரண்டு, செவ்வாய் மூன்று. ஆனாலும் திங்கள் வரை காத்திருக்காதீர்கள், சேவை எண்ணுக்கு விடுமுறை கிடையாது.

நாமே ஓடிபி கொடுத்து ஏமாந்தால்? புகார் சொல்லும் வரையிலான இழப்பு நம்முடையது. சொன்ன பிறகு போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியுடையது. வெட்கப்பட்டு இரண்டு நாள் மூடி மறைப்பவர்கள் தோற்பது இந்த இடத்தில்தான்.

படி 4: பின்தொடருங்கள்

அனுமதியற்ற பரிவர்த்தனை என்று புகார் சென்றதும் 10 வேலை நாட்களுக்குள் வங்கி தொகையை வரவு வைக்க வேண்டும். விசாரணை முடியும் வரை அதை எடுக்க முடியாமல் வைத்திருக்கலாம், பயப்பட வேண்டாம். 90 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். "நீங்கள்தான் அலட்சியம்" என்று பொதுவாகச் சொல்லி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பொறுப்பு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டியது வங்கிதான்.

படி 5: குறைதீர்ப்பாளர்

வங்கி 30 நாட்களில் பதில் தரவில்லை, அல்லது தந்த பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சிஎம்எஸ் எனப்படும் ரிசர்வ் வங்கிப் புகார் இணையதளத்தில் பதிவு செய்யலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. வழிமுறை புரியாவிட்டால் 14448 எண்ணில் கேட்கலாம். வங்கியில் புகார் செய்யாமல் நேராக இங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வங்கிக்குக் கொடுத்த புகாரின் நகல், அதன் எண், வங்கியின் பதில், கணக்கு அறிக்கையின் அந்தப் பக்கம், எஸ்எம்எஸ்ஸின் ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றை இணையுங்கள்.