புகை கழுவிய சேற்றிலிருந்து பரிஸ் சாந்து

அனல்மின் நிலையப் புகையிலுள்ள கந்தகவீரொட்சைட்டைச் சுண்ணக்கல் கரைசலால் கழுவிப் பிடிப்பார்கள். மிஞ்சுகிற சாம்பல்நிறச் சேறு பெரும்பாலும் ஜிப்சம்தான். இந்தியாவிலிருந்து நண்பர் ஒருவர் மூலம் ஒரு சாக்கு கிடைத்தது. ஜிப்சம் என்பது தனக்குள் நீரைப் பிடித்துவைத்திருக்கிற கல்சியம் சல்பேற்று. வறுத்து அந்த நீரில் முக்கால் பங்கைப் போக்கினால், தண்ணீர் விட்டுக் குழைத்ததும் இறுகுகிற பரிஸ் சாந்து. நேரே வேலைக்கு வருவோம்.

ஒரு கிலோ சேற்றை வாளியில் போட்டு மூன்று லீற்றர் தண்ணீர் விட்டு ஐந்து நிமிடம் கலக்குங்கள். இரண்டு மூன்று நிமிடம் பொறுத்தால் ஜிப்சம் அடியில் இருக்கும். எரியாத கரித்தூளும் நுண்சாம்பலும் மேலே கலங்கி நிற்கும். அந்தக் கறுப்புத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். மூன்று தரம் இப்படி. பிறகு பழைய வேட்டித் துணியில் வடியுங்கள். வடிதாள் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம்.

நான் மாட்டுப்பட்டது இங்கேதான். கழுவுவதன் முக்கிய நோக்கம் உப்பில் இருக்கிற குளோரைட்டைப் போக்குவது. அது இருந்தால் சாந்து ஈரம் இழுக்கும், ஆணியும் கம்பியும் துருப்பிடிக்கும். வடிந்த தண்ணீரில் ஒரு துளி ஐதான நைத்திரிக் அமிலமும் ஒரு துளி வெள்ளி நைத்திரேற்றும் விட்டுப் பாருங்கள்; குளோரைட்டு இருந்தால் பால்போல் வெளுக்கும். ஐந்து தரம், ஆறு தரம் கழுவினேன், வெளுப்புப் போகவில்லை. மூன்று நாள் மினக்கெட்ட பிறகுதான் எங்கள் கிணற்றுத் தண்ணீரையே தனியாகச் சோதித்தேன். அதுவும் வெளுத்தது! உவர் கிணற்றை வைத்துக்கொண்டு உப்புக் கழுவியிருக்கிறேன். தொட்டியில் பிடித்திருந்த மழைத்தண்ணீருக்கு மாறினேன். மூன்றாம் கழுவலில் தெளிந்துவிட்டது. மாரியில் இந்த வேலையைத் தொடங்குங்கள்.

சரி, நிழலில் காயவிடுங்கள். சீமெந்துக்கென்றால் இதோடு நிறுத்தலாம். இறுகுவதைத் தாமதப்படுத்த 3 முதல் 5 வீதம் வரை சேர்க்கிற ஜிப்சம் இதுதான். காங்கேசன்துறை ஆலை ஓடிய காலமென்றால் அங்கேயே கொடுத்திருக்கலாம்.

சாந்துக்கு வறுக்க வேண்டும். கச்சான் வறுக்கிற தாச்சி போதும், ஆனால் அதைத் திரும்பக் குசினிக்குள் கொண்டுபோகாதீர்கள். நிலக்கரியிலிருந்து வந்த பாதரசம் சிறிதளவு இருக்கக்கூடும். முற்றத்தில், முகக்கவசம் போட்டு, காற்று தூசைக் கொண்டுபோகிற பக்கம் நிற்காமல் வறுங்கள். 150 பாகை அளவில் தூள் தண்ணீர்போலக் கொதிக்கும். வெப்பமானியைவிட எனக்குத் தராசில்தான் நம்பிக்கை: நன்றாகக் காய்ந்த 1000 கிராம், 843 கிராமாகக் குறைந்ததும் இறக்குங்கள். இன்னும் குறையவிட்டால் இருக்கிற நீரும் போய்விடும்.

100 கிராமுக்கு 70 மில்லிலீற்றர் தண்ணீர் விட்டுக் குழைத்துப் பாருங்கள்.

பின்சேர்க்கை: எல்லாம் செய்தும் இறுகவில்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். சேற்றில் ஐதான ஐதரோக்குளோரிக் அமிலம் ஒரு துளி விடச் சொன்னேன். ஒருவருக்கு எரிந்த தீக்குச்சி மணம் மூக்கைக் குத்தியதாம். அது ஜிப்சமாக மாறாத கல்சியம் சல்பைற்று. எத்தனை தரம் கழுவினாலும் இறுகாது. மற்றவர் 790 கிராம் வரை வறுத்து, இருக்க வேண்டிய நீரையும் போக்கியிருக்கிறார்.