பழைய பிக்கப்பைப் பிரித்து விற்கிறீர்களா? சக்கரத்தைக் கடைசியில் தொடுங்கள்

போன வாரம் தெரிந்த பையன் ஒருவன் தன் வண்டியைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தான். பழைய டீசல் பிக்கப். இனிமேல் பழுது பார்த்துக் கட்டுப்படியாகாது, பிரித்து விற்றால் கொஞ்சம் காசு பார்க்கலாம் என்று இறங்கியிருக்கிறான். போய்ப் பார்த்தால் முன்பக்கம் இரண்டு சக்கரமும் இல்லை. மரக்கட்டைகளை அடுக்கி அதன்மேல் மூக்கை வைத்தபடி நிற்கிறது வண்டி. "டயர் ரெண்டும் ஒரே நாள்ல போயிடுச்சு அண்ணே, நல்ல விலை" என்று சிரிக்கிறான். எனக்குப் பழைய வயிற்றெரிச்சல் திரும்ப வந்தது. பல வருடத்துக்கு முன் நானும் இப்படித்தான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

கையில் காசு இல்லாதபோது வண்டியைப் பிரிக்கிறவர்கள் 'இன்றைக்கு எது விலை போகும்' என்று பார்த்துத்தான் கழற்றுகிறார்கள். அது போனால் மீதி வண்டி என்ன ஆகும் என்று யோசிப்பதில்லை. கீழே வரும் தவறுகளில் பாதி அங்கே பிறந்தவை. கையுறை போடுங்கள், துருப்பிடித்த போல்ட்டுக்கு முதல் நாளே எண்ணெய் விட்டு ஊறவையுங்கள் என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

பேட்டரியை முதலில் விற்பது

பேட்டரிக்குள் இருப்பது ஈயம். எந்தக் காயலான் கடையிலும் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்வார்கள். அதனால் முதல் நாளே அதுதான் போகும். ஆனால் அதோடு எஞ்சினின் பாதி மதிப்பும் போய்விடுகிறது. கண்முன்னே ஓடுகிற எஞ்சினுக்கு ஒரு விலை, "போன மாசம் வரைக்கும் ஓடிச்சுங்க" என்று சொல்லப்படும் எஞ்சினுக்கு இன்னொரு விலை. இரண்டாவதை வாங்குகிறவர் அதை வெறும் இரும்பாகத்தான் கணக்குப் போடுவார்.

ஒரு ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் போனில் ஒரு வீடியோ எடுங்கள். நடுவில் வெட்டாமல் ஒரே ஓட்டமாக இருக்க வேண்டும். சேஸி எண், கிலோமீட்டர், குளிர்ந்த எஞ்சின் மேல் உங்கள் கை, அப்புறம் சாவியைத் திருப்புவது. புகையின் நிறம் தெரியட்டும். சூடு ஏறும் வரை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து காட்டுங்கள். அந்த ஓட்டையிலிருந்து புகை குபுகுபுவென வரவில்லை என்றால் வாங்குகிறவர் முகமே மாறும். முடிந்தால் வண்டியை நகர்த்தி எல்லா கியரும் விழுவதைக் காட்டுங்கள். ஏசி, கண்ணாடி மோட்டார், விளக்குகள் எல்லாம் வேலை செய்வதையும் இப்போதே காட்டிவிடுங்கள்.

அதன்பின் பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முனையை முதலில் எடுங்கள். பாசிட்டிவை முதலில் தளர்த்தப் போய் ஸ்பேனர் பாடியில் பட்டால் அங்கேயே வெல்டிங் அடித்துவிடும். ஏர்பேக் உள்ள வண்டி என்றால், பேட்டரி எடுத்தபின் குறைந்தது பத்து நிமிடம் டாஷ்போர்டு பக்கம் போகாதீர்கள். அதன் கண்ட்ரோல் பெட்டிக்குள் மின்சாரம் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும்.

சக்கரத்தை முதலில் விற்பது

இதற்குத்தான் இந்தக் கட்டுரையே.

டயர் நன்றாக இருந்தால் சக்கரத்தைப் போல வேகமாக விற்கும் பொருள் வேறில்லை. நான்கு நட், ஆறு நட் கழற்றினால் போதும், மெக்கானிக் வேண்டாம். வாங்குகிறவரும் டயரின் பக்கவாட்டில் இருக்கும் கடைசி நான்கு இலக்கத்தைப் பார்த்து வயதைக் கணக்குப் போட்டுக்கொள்வார். 2319 என்றிருந்தால் 2019-இன் 23-வது வாரம் செய்தது. நான் என் முதல் பிக்கப்பைப் பிரித்தபோது நான்கு சக்கரமும் ஸ்டெப்னியும் முதல் நாள் மாலையே போய்விட்டன. பாக்கி வைத்திருந்த வாடகையைக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். வண்டி நான்கு மூலையிலும் கட்டையில் நின்றது.

முதல் தொல்லை எஞ்சினில் வந்தது. எஞ்சினைத் தூக்கச் சின்ன கிரேன் வாடகைக்கு எடுத்தேன். அதன் கால்கள் வண்டியின் மூக்குக்கு அடியில் போனால்தான் கொக்கி எஞ்சினுக்கு நேர்மேலே வரும். கட்டைகளின் உயரம் சக்கரத்தைவிடக் குறைவு என்பதால் கால் உள்ளே போகவில்லை. வண்டியைத் தூக்கி மறுபடி கட்டை அடுக்குவதிலேயே அரை நாள் போனது. கிரேன் வாடகை ஓடிக்கொண்டிருந்தது.

சரி, ஒருவழியாக எஞ்சின் வெளியே வந்தது. அது போனதும் முன்பக்கம் எடை குறைந்து, ஸ்பிரிங் விரிந்து மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. சரக்கு ஏற்றும் பின்பக்கத் தொட்டியை இறக்க நான்கு பேர் நாலு மூலையில் பிடித்து ஆட்டினோம். துருப்பிடித்த ஒரு போல்ட் விடவில்லை. ஓங்கி ஒரு தள்ளு. வலது பின்கட்டை சரிந்தது. யார் காலிலும் விழவில்லை, அந்த மட்டும் தப்பித்தோம். பிரேக் டிரம் மண்ணில் அரை அடி புதைந்துவிட்டது. (கட்டை என்றாவது வைத்தேன். சிலர் செங்கல்லும் நடுவில் ஓட்டையுள்ள சிமெண்ட் கல்லும் வைக்கிறார்கள். அது விரிசல் விட்டுச் சொல்லாமல் நொறுங்கும்.)

கடைசிக் கட்டம்தான் மோசம். விற்க வேண்டியதை விற்றாயிற்று, மிச்சம் இருப்பது சேஸியும் கேபினும் ஆக்ஸிலும். எடைக்கு எடுக்கிறவர் இழுவை வண்டியோடு வந்தார். அது கேபிள் சுற்றி மேலே இழுத்துக்கொள்ளும் தட்டையான வண்டி. இறங்கி ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "உருளாத வண்டியை எப்படிங்க ஏத்துறது?" என்று கேட்டுவிட்டு, வந்ததற்கு டீசல் காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார். கிரேன் வைத்து ஏற்ற விலை கேட்டேன். சேஸியின் எடைக்குக் கிடைக்கிற காசைவிட அது அதிகம்.

அப்புறம் எங்காவது நான்கு தேய்ந்த சக்கரம் கிடைக்குமா என்று அலைந்தேன். மலிவாகக் கிடைத்தது, ஆசையாகத் தூக்கி வந்து மாட்டப் போனால், சக்கரம் உட்காரும் என் ஹப்பில் ஆறு போல்ட், ரிம்மில் ஐந்து ஓட்டை. இரண்டிலும் எண்ணிக்கை சரியாக இருந்தாலும் போல்ட்டுகளுக்கு இடையே உள்ள தூரம் மாறினால் பொருந்தாது என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். கடைசியில் என் சக்கரங்களை வாங்கியவரிடமே போய் நின்றேன். என்னிடம் வாங்கியதைத் தன் வண்டியில் மாட்டிக்கொண்டு, தான் கழற்றிய மொட்டை டயர்களைச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார். அதே மாடல், அதே ஆறு ஓட்டை. அதை எனக்கு விற்றார். நான் கேட்டிருந்தால் முதல் நாளே சும்மா கொடுத்திருப்பார். இன்றைக்கும் நினைத்தால் எரிகிறது.

ஆகவே சக்கரத்தை விற்கவே கூடாதா என்றால், விற்கலாம். வாங்க வருகிறவரிடம், "உங்க பழைய ரிம்மையும் டயரையும் இங்கேயே கழற்றிக் கொடுத்துட்டுப் போங்க" என்று பேசி முடித்துவிட்டு விற்கலாம். டயர் தேய்ந்திருக்கட்டும், கம்பி தெரியட்டும், காற்று ஒரு மணி நேரம் நின்றால் போதும். வண்டி கடைசி நாள் வரை நான்கு சக்கரத்தில் உருள வேண்டும். சக்கரம் மட்டும் போதாது. ஸ்டியரிங்கையும் சாவியையும் விற்றுவிட்டு ஸ்டியரிங் பூட்டிக்கொண்டால் வண்டி ஒரே பக்கம்தான் திரும்பும். ஹேண்ட்பிரேக்கை இழுத்தபடி மழையில் விட்டால் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு ஹேண்ட்பிரேக்கைத் தளர்த்தி வையுங்கள். பின் ஆக்ஸிலுக்கு நல்ல விலை வந்தாலும், வண்டி எப்படி வெளியேறும் என்று தீர்மானித்தபின் கொடுங்கள்.

ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுப்பது

ஜாக்கி எப்போது வேண்டுமானாலும் சரியும். வண்டியைத் தாங்கி நிற்கும் இரும்பு ஸ்டாண்டு வாங்கக் காசில்லை என்றால் அடியில் செய்யும் வேலையை விட்டுவிடுங்கள்.

வயரை வெட்டி எடுப்பது

அவசரத்தில் எல்லோரும் கட்டிங் பிளேயரை எடுத்து நறுக் நறுக்கென்று வெட்டுகிறார்கள். வெட்டிய வயரிங் செட் செம்பு எடைக்குத்தான் போகும். சாக்கெட்டைக் கழற்றி முழுசாக எடுத்தால் அது உதிரிபாகம். சாக்கெட்டில் சின்ன பூட்டு இருக்கும், அதை விரலால் அமுக்கி இழுத்தால் வந்துவிடும். முழுதாக எடுக்கப் பொறுமையில்லை என்றால் ஒரு பாகத்தை விற்கும்போது அதன் சாக்கெட்டோடு ஒரு சாண் வயரையாவது விட்டு வெட்டுங்கள். வாங்குகிறவர் கும்பிடுவார்.

சாவியில் சிப் உள்ள வண்டி என்றால் எஞ்சின் கம்ப்யூட்டர், சாவி, சாவித் துவாரம், வேறு சாவி போட்டால் ஓடவிடாத இம்மொபிலைசர் பெட்டி எல்லாம் ஒன்றையொன்று அடையாளம் கண்டால்தான் எஞ்சின் ஓடும். நால்வருக்கு நான்கையும் தனித்தனியாகக் கொடுத்தால் நால்வரும் திரும்பி வருவார்கள்.

வயரைக் கொளுத்துவது

வேண்டாம். அந்தப் புகை விஷம், கருகிய செம்புக்கு விலையும் குறைவு.

எல்லாவற்றையும் ஒரே எடையில் போடுவது

ஒரு காந்தத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டினால் இரும்புக் குவியல். ஒட்டாவிட்டால் அலுமினியமா, செம்பா, பித்தளையா என்று பாருங்கள், அதற்கு விலை வேறு. பழைய ரேடியேட்டர் செம்பும் பித்தளையுமாக இருக்கும். பிந்தைய வண்டிகளில் அலுமினியமும் இரண்டு பக்கம் பிளாஸ்டிக் தொட்டியும். அந்தப் பிளாஸ்டிக்கோடும் இரும்பு போல்ட்டோடும் கொடுத்தால் அது 'அழுக்கு அலுமினியம்', விலை இறங்கும். பத்து நிமிடத்தில் பிரிக்க முடிந்தால் பிரியுங்கள். டைனமோவையும் செல்ஃப் மோட்டாரையும் உடைத்துச் செம்பு எடுக்க உட்காராதீர்கள். முழுசாக இருந்தால் ரீவைண்டிங் பட்டறைக்காரர்கள் அதைவிட நன்றாகக் கொடுப்பார்கள்.

சைலன்சர் குழாயில் புகையைச் சுத்தப்படுத்தும் கன்வெர்ட்டர் இருந்தால் அதைத் தனியாகப் பேசுங்கள். உள்ளே தேன்கூடு மாதிரி ஒரு கட்டி, அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், பெட்ரோல் வண்டி என்றால் ரோடியமும் மெல்லிதாகப் பூசியிருக்கும். அதன் வெளி ஓட்டில் அடித்திருக்கும் எண்ணை வைத்துத்தான் விலை சொல்வார்கள், அதனால் எண்ணைப் படம் எடுத்துப் பலரிடம் கேளுங்கள். கம்பெனியிலிருந்து வண்டியோடு வந்ததற்கும் பின்னால் வாங்கி மாட்டியதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. இது எங்கும் திருட்டுப் போகும் பொருள் என்பதால், உங்கள் வண்டியுடையதுதான் என்பதற்குக் காகிதமும் கையில் வேண்டும்.

எண்ணெயும் தண்ணீரும்

ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட்டில் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் இருக்கும். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கிவிட்டுச் செத்துப்போகும், பூனைக்கும் குழந்தைக்கும் ஆபத்து. மூடியுள்ள கேனில் பிடியுங்கள். ஏசி குழாயை நீங்களே அறுத்து வாயுவை விடாதீர்கள். அதை உறிஞ்சி எடுக்கும் இயந்திரம் உள்ளவரிடம் கொடுங்கள். பெட்ரோல் டேங்க் காலியாக இருந்தால் பயமில்லை என்று நினைக்கிறார்கள். நிறைந்த டேங்கைவிட ஆவி மட்டும் நிற்கும் டேங்க்தான் வெடிக்கும். பக்கத்தில் கிரைண்டரை ஓட்டவே கூடாது.

காகிதம்

பதிவை ரத்து செய்யாமல் வண்டியை அனுப்பினால் வரியும் அபராதமும் உங்கள் பெயருக்கே வரலாம். சேஸி எண் உள்ள துண்டை நீங்களாக அறுக்காதீர்கள், எண்ணைத் தேய்க்காதீர்கள்.

கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றுவது

ஒரு கதவுக்குள் இருக்கும் கண்ணாடி மோட்டாரை எடுக்க நான் ஒரு முழு மதியம் செலவழித்தேன். அது இன்னும் என் பரணில் இருக்கிறது. அதே மாடல் வண்டிகள் இன்னும் ரோட்டில் ஓடுகின்றனவா, அவற்றில் வழக்கமாக எது கெட்டுப்போகும் என்று முதலில் விசாரியுங்கள். பிக்கப்பில் துருப்பிடிக்காத தொட்டிக்கும் நசுங்காத பின்கதவுக்கும் ஆள் வரும், ஏனென்றால் அடி வாங்குவது அந்த இரண்டும்தான். தொட்டியை ட்ரெய்லர் ஆக்கிக்கொள்ளவும் கேட்பார்கள். எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்ஸில், ஹெட்லைட், கதவுகள், ஸ்பிரிங் பட்டைகள், இவை போதும். டாஷ்போர்டு பிளாஸ்டிக், கிழிந்த சீட், தரை விரிப்பு எல்லாம் கேபினோடு போகட்டும்.

கழற்றிய எஞ்சினின் ஓட்டைகளைத் துணியோ டேப்போ வைத்து அடைத்துவிடுங்கள். ஒரு நட் உள்ளே விழுந்தால் அந்த வீடியோவுக்கு அர்த்தம் இல்லை. முதலில் போன் செய்கிறவர் சொல்லும் விலைக்கு உடனே தலையாட்டாமல் இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். அரிசி வாங்கக் காசில்லாத நிலை என்றால் டைனமோவையும் ஹெட்லைட்டையும் விற்றுச் சமாளியுங்கள். அவை போனாலும் வண்டி உருளும்.

அந்தப் பையனிடம் இதில் பாதியைத்தான் சொன்னேன், மீதிக்கு அவனுக்குப் பொறுமை இல்லை. நேற்று ராத்திரி கூப்பிட்டான். சக்கரம் வாங்கியவர் வீட்டு வாசலில் நிற்கிறானாம், பழைய ரிம் இரண்டு இருக்கிறதாம்.

"ஓட்டை எண்ணினியா?"

"ஆறு, அண்ணே."

"இடையில உள்ள தூரம்?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "டேப் எடுத்துட்டு வரலை" என்றான்.